சிலிண்டருக்கு எண்ணெய் தேய்த்த கதை

போன வாரம் எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குச் சாத்துக்குடி வந்துகொண்டே இருந்தது. பை பையாக. கூடவே பிரெட் பாக்கெட்டுகள். என்ன விசேஷம் என்கிறீர்களா? எனக்கு மூச்சு வாங்குகிறதாம்... ரொம்ப சீரியஸாம். பிளாக் முழுக்க இதே பேச்சு. எனக்குத்தான் யாரும் தகவல் சொல்லவில்லை.

ஐம்பது தாண்டிய வயதில் நான் பாண்டிச்சேரிக்குப் போய் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு வருவது, இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். 'இந்த வயசுல இது தேவையா?' என்று கேட்டு எழுதியவர்களும் உண்டு. தேவையில்லைதான். தேவையானதை மட்டுமே செய்து செய்துதான் எனக்கு ஐம்பது தாண்டியது!

நீச்சல் வந்துவிட்டது. தண்ணீருக்கடியில் மூச்சு விடவும் வந்துவிட்டது. வராதது ஒன்றே ஒன்றுதான் – முதுகில் காற்று டேங்க்கைக் கட்டுவது.

முதுகுக்கு ஓர் இரும்புத் தட்டு உண்டு. பேக்பிளேட் என்பார்கள். தோளுக்கும் இடுப்புக்கும் அதில் பட்டைகள் கோத்திருக்கும்; அது ஹார்னெஸ். கால்களுக்கு நடுவே இன்னொரு பட்டை கீழிருந்து மேலே வந்து இடுப்பில் மாட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அதற்கு மரியாதையான பெயர் ஏதோ இருக்கிறது. நான் முதல் நாளே 'கோவணம்' என்று சொல்லிவிட்டேன். இப்போது கிளாஸ் முழுக்க அதுதான் பெயர். தட்டின் பின்பக்கம் இரண்டு பெல்ட். டேங்க்கை அதற்குள் நுழைத்து, பக்கிளை மடக்கி இறுக்கினால் வேலை முடிந்தது.

முடிந்ததா? டேங்க் கொஞ்சம் மேலே ஏறியிருந்தால், அண்ணாந்து பார்க்கிறபோதெல்லாம் வால்வு பின்மண்டையில் 'ணங்' என்று இடிக்கும். கீழே இறங்கியிருந்தால் கால் பக்கம் கனத்து, நட்டுவைத்த முருங்கைக் கிளை மாதிரி தண்ணீருக்குள் நிற்க வேண்டியதுதான். சரியாக இறுக்காவிட்டால் டேங்க் நழுவிவிடும். பயிற்சிக் குளத்தில் என்னுடையது நழுவியது. கூடப் படிக்கிற காலேஜ் பிள்ளைகள் சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்கள்.

பயிற்சி கொடுக்கிற ரெஹானா சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அதெல்லாம் வராது.

"ஞாயித்துக்கிழமை கடல்ல கடைசி டைவ் அக்கா. அவங்கவங்க டேங்க்கை அவங்கவங்களேதான் கட்டணும். நான் தூக்கி ஆட்டிப் பார்ப்பேன். நகர்ந்துச்சுன்னா போட்லயே உக்கார வேண்டியதுதான்" என்றாள்.

போட்டில் உட்கார்ந்தால் சர்டிபிகேட் கிடையாது. மழைக்காலம் வாசலில் நிற்கிறது. அதை விட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் என் முழங்கால் என்ன சொல்லுமோ, யார் கண்டது?

அதனால் பழகிப் பார்க்கலாம் என்று, கெஞ்சிக் கூத்தாடி ஒரு காலி டேங்க்கையும் தட்டையும் வீட்டுக்கு வாங்கி வந்தேன். காரிலிருந்து என் வீட்டுக்காரர் டேங்க்கை அணைத்துத் தூக்கி இறக்கியதை எதிர் குவார்ட்டர்ஸ் கலாவதி பார்த்துவிட்டாள். வீட்டுக்கு சிலிண்டர் வந்தால் என்ன அர்த்தம்? ஆக்சிஜன். ஆக்சிஜன் வந்தால் என்ன அர்த்தம்? சாத்துக்குடி.

அன்று சாயங்காலமே பையோடு வந்து கதவைத் தட்டினாள். திறந்த என் கோலத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்... நைட்டி, அதன்மேல் கோவணம், முதுகில் சிலிண்டர். கலாவதி என்னை மேலும் கீழும் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"எழுந்து நடக்கிறீங்களேக்கா, அதுவே போதும். கழட்டாதீங்க, அப்படியே மாட்டிகினே இருங்க."

விளக்கம் சொன்னேன். கடலுக்குள் போகப்போகிறேன் என்றேன். அதைக் கேட்டதும் இன்னும் கலங்கினாள்.

இனி என் வீட்டுக்காரர் கதை. மேல்பட்டாம்பாக்கம் பக்கத்து ஆள். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு. முட்டிக்கு மேல் தண்ணீர் இருந்தால் அந்தப் பக்கம் போக மாட்டார். நான் டைவிங்கில் சேர்ந்தபோது 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. 'சரி' என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து சாப்பிடும்போதெல்லாம் கடல் சீற்றச் செய்தியைச் சத்தமாகப் படிப்பார். மனுஷர் பயந்துபோயிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பயம் என்று வாயால் சொன்னால்தான் என்னவாம்?

வாய் சொல்லாததைக் கை செய்தது. நான் பழகப் பழக, பக்கத்திலேயே நின்றார். பெல்ட்டை நனைத்துவிட்டு இறுக்க வேண்டும் என்பது ரெஹானாவின் பாடம். நான் சொம்பில் தண்ணீர் எடுத்தால் போதும், பிடுங்கிக்கொள்வார்.

"பெல்ட்ல ஈரம் பட்டா ஸ்லிப் ஆவும் சாந்தி. மழ நாள்ல கன்வேயரு இன்னா பாடு படுத்துதுன்னு எனக்குத்தானே தெரியும்" என்பார். டவலால் பெல்ட்டை ஒத்தி ஒத்திக் காய வைப்பார். இத்தனை வருஷம் பெல்ட்டோடு குடும்பம் நடத்துகிறவர் சொல்கிறாரே என்று நானும் கேட்டுத் தொலைத்தேன்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. நெய்வேலியில் ஆயுத பூஜை என்றால் சும்மாவா? பஸ்ஸிலிருந்து சைக்கிள் வரை சந்தனம் பூசாத இரும்பு இந்த ஊரில் இருக்காது. எங்கள் வீட்டில் ஸ்கூட்டர், மிக்சி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். ஹாலுக்குள் வந்து பார்த்தால், வாழை இலை மேல் டேங்க்! பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுமினுவென்று நின்றது.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன்.

"அதுவும் மெஷின்தானே. உன்ன உள்ள இட்டுகினு போயி, வெளிய இட்டுகினு வர்ற மெஷினு" என்றார்.

பொரி கடலையில் அவர் பங்குக்கு ஒரு பிடி கூடுதலாக அள்ளிக் கொடுத்தேன். அள்ளிக் கொடுக்கிற மும்முரத்தில், எப்படி அவ்வளவு மினுமினுப்பு என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் கூடவே வந்தார். பூஜை போட்ட டேங்க்கில்தான் காற்று நிரப்ப வேண்டும் என்று அங்கே அவருக்கு ஒரே பிடிவாதம். நிரப்பிக் கொடுத்தார்கள். முட்டித் தண்ணீருக்கே பயப்படுகிறவர் போட்டிலும் ஏறிவிட்டார். போட் கிளம்பிக் கரை சின்னதாகிற வரை போனது. நான் தட்டை வைத்து, பெல்ட்டுக்குள் டேங்க்கை நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பக்கிளை மடக்கினேன். ரெஹானா வந்து தட்டைப் பிடித்துத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினாள்.

டேங்க் சர்ரென்று வழுக்கிக்கொண்டு இறங்கி, அவள் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் 'தொம்' என்று உட்கார்ந்தது.

மறுபடி இறுக்கினேன். மறுபடி 'தொம்'. ரெஹானா குனிந்து டேங்க்கை விரலால் தடவினாள். முகர்ந்தாள்.

"தேங்காய் எண்ணெயா அக்கா?"

போட்டில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார். லேசாகத்தான் தடவினாராம். வால்வைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் தடவினாராம். அந்த மட்டுக்கும் புண்ணியம். காற்று அடைக்கிற சிலிண்டர் பக்கம் எண்ணெய் வரவே கூடாது, தீப்பிடிக்கும் என்று ரெஹானா அவரை ஒரு பிடி பிடித்தாள். மைன்ஸில் சேர்ந்த நாளிலிருந்து அவர் யாரிடமும் இப்படித் திட்டு வாங்கியிருக்க மாட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். மற்றவர்கள் இறங்கிவிட்டு மேலே வருவதற்குள் ஒழுங்காகக் கட்டினால் என்னைத் தனியாக அழைத்துப் போவதாகவும், இல்லாவிட்டால் அவ்வளவுதான் என்றும் சொல்லிவிட்டுத் தண்ணீரில் குதித்துவிட்டாள்.

அவர் எழுந்து டேங்க்குக்குக் கிட்டே வந்தார். "நீங்க தொடாதீங்க" என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் என்றே நினைக்கிறேன். போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

படகுக்காரரிடம் ஒரு ஷாம்பு பாக்கெட் இருந்தது. சந்தனம், குங்குமம், எண்ணெய், பக்தி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினேன். கழுவும்போதுதான் தோன்றியது – நம் ஊரில் பிரியம் என்றாலே எண்ணெய்தானே? குழந்தைக்கு எண்ணெய், மாப்பிள்ளைக்கு எண்ணெய், சாமிக்கு எண்ணெய். யாருக்காவது எது தேவை என்று கேட்டுவிட்டா தேய்க்கிறோம்? எண்ணெய் போட வேண்டாத இடத்தில் எண்ணெய் போட்டு, நனைக்க வேண்டிய பெல்ட்டைக் காய வைத்து... பாவம், ஒரு மனுஷர் என் மேல் இருக்கிற அக்கறையை மொத்தமும் தலைகீழாகச் செய்து வைத்திருக்கிறார்.

பெல்ட்டை நன்றாக நனைத்தேன். நைலான் ஈரத்தில் தளரும். காய்ந்ததை இறுக்கினால் தண்ணீருக்குள் போனதும் தொளதொளத்துவிடும். குளத்தில் நழுவியதும் அதனால்தான். வால்வு பிடரி உயரத்துக்கு வருகிறதா என்று பார்த்தேன். உள்ளங்கையால் பக்கிளை அழுத்தி மடக்கினேன். நானே தூக்கி ஆட்டினேன். நகரவில்லை. ரெஹானா மேலே வந்து ஆட்டினாள். நகரவில்லை.

"கோவணம்?" என்றாள். கட்டியாச்சு என்றேன். முதன்முறையாகச் சிரித்தாள்.

கீழே நான் பார்த்தது கலங்கல் தண்ணீர், கொஞ்சம் பாறை, என்னைச் சட்டையே செய்யாமல் போன ஒரு மீன். அவ்வளவுதான். ஆனால் முதுகில் டேங்க் இருக்கிற ஞாபகமே வரவில்லை. அண்ணாந்து பார்த்தேன், மண்டையில் இடிக்கவில்லை. வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாயிற்று.

மேலே வந்தபோது அவர் போட் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த முகம் எனக்குப் பழக்கமான முகம். நைட் ஷிப்ட் பஸ் லேட்டாகிற நாட்களில் கேட்டில் நிற்பேனே, அந்த முகம். அவர் தினமும் குழிக்குள் இறங்குகிறார், நான் மேலே நிற்கிறேன். இன்றைக்கு ஒருநாள் இடம் மாறிவிட்டது.

என்ன பார்த்தாய் என்று அவர் கேட்கவில்லை.

"பெல்ட்டு நகந்துச்சா?"

"நகரலங்க."

அப்போதுதான் உட்கார்ந்தார்.

சர்டிபிகேட் கைக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு அவர் கிளம்பியபோது, ஹெல்மெட்டின் தாடைப் பட்டையை மாட்டச் சொல்லி, இரண்டு கையாலும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

தலைக்கு எண்ணெய் மட்டும் வைக்க விடவில்லை.