ஒரே காரில் வந்த இரண்டு ஓட்டு

அமெரிக்காவின் சுகர் லேண்ட் நகர நூலக வாசலில் ஓட்டுப் போட நீண்ட வரிசை நிற்கிறது. நான் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் வீட்டுத் தம்பதி முருகேசனும் கலாவும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபின் போடும் முதல் ஓட்டு இது. முருகேசன் குடியரசுக் கட்சி. மருத்துவரான கலா ஜனநாயகக் கட்சி.

"ரெண்டு கட்சிக்கும் என்னதான் வித்தியாசம்?" என்று கேட்கிறேன்.

"டாக்ஸைக் கொறைச்சு கவர்மென்ட் ஒதுங்கி நின்னா, ஜனங்க தானா முன்னேறுவாங்கன்னு இவர் கட்சி சொல்லுது," என்கிறார் கலா.

"இன்சூரன்ஸ் இல்லாத பேஷன்ட்டுக்கு கவர்மென்ட் ஹெல்ப் பண்ணணும்னு இவ கட்சி சொல்லுது," என்கிறார் முருகேசன்.

"ஒருத்தர் ஓட்டை இன்னொருத்தர் ஓட்டு அடிச்சிடுமே! ரெண்டு பேரும் வீட்லயே இருந்திருக்கலாமே?"

கலா சிரிக்கிறார். "பதினெட்டு வருஷம் வெயிட் பண்ணி வாங்கின ஓட்டுங்க இது. எனக்கு எதிரா போட்டாலும் பரவால்ல, இவர் போடாம இருக்கக் கூடாது."

வரிசை நகர்கிறது. முருகேசன் ஒதுங்கி, மனைவியை முன்னால் போகவிடுகிறார்.