ஒரு கிளாஸ் தண்ணீர்

லண்டன் லூயிஷாமில் என்னோடு அலுவலகம் துப்புரவு செய்த கொலம்பியப் பெண்மணி, உதட்டுச் சாயம் பூசாமல் ஷிப்டுக்கு வரமாட்டார். எங்கள் ஆட்களோடு பழகி, ஆமென்பதற்கு ‘ஓம்’ சொல்லக் கற்றிருந்தார்.

அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்த மறுநாளும் வேலைக்குப் போனேன். அழுகை வரவில்லை. விஷயம் கேட்டதும் அவர் அலுவலகச் சமையலறை ஜன்னலோரம் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தார்.

“உங்கட அம்மாவுக்கு,” என்றார் உடைந்த ஆங்கிலத்தில். “செத்தவைக்குத் தாகம் எடுக்கும். நாங்கள் ஒன்பது நாள் வைப்பம்.”

“நாங்கள் எட்டாம் நாள்தான் படைக்கிறது.”

“ஓம். அப்ப ஒரு நாள் கூடக் குடிக்கட்டும்.”

ஒன்பதாம் நாள் தண்ணீர் ஒரு விரல் குறைந்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே ஹீட்டர் ஓடுவது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் பார்க்காத நேரமாகக் கிளாஸை நிரப்பி வைத்தேன்.