புளி போட்டுத் தேய்த்த நீராவி எந்திரம்

புளியும் பித்தளையும் பழைய எண்ணெயும் சேர்ந்தால் ஒரு மணம் வரும். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் அது ஒரு வாரம் நின்றது. அம்மா குத்துவிளக்குத் தேய்த்த கையோடு, அப்பா தெருவிலிருந்து தூக்கிவந்த பொம்மை நீராவி எந்திரத்தையும் தேய்த்துத் தள்ளியிருந்தார். களிம்பு பிடித்துப் பச்சையாய் வந்தது, பொன்னாய் மின்னியது.

வேண்டாத பெரிய சாமான்களை ஜெர்மன்காரர் தெருவோரம் வைக்கும் நாளுக்கு "ஸ்பேர்முல்" என்று பெயர். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் எங்கள் கட்டில், அலுமாரி, மேசை எல்லாமே அப்படி வந்தவைதான், அதில் எனக்கு வெட்கம் எதுவும் இருந்ததில்லை. எந்திரம் மட்டும் எனக்கென்றே வந்தது. சிறிய கொதிகலன், ஒரு சக்கரம், ஊதாத ஒரு விசில், அவ்வளவுதான்.

ஆறாம் வகுப்பில், வீட்டில் இருப்பதிலேயே பழைய பொருளைக் கண்காட்சிக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டாம் உலகப் போர் முடியுமுன் செய்தவை கண்ணாடி அலுமாரிக்குள், மற்றவை நீள மேசையில். எங்கள் வீட்டுப் பழைய பொருட்களை நாங்கள் விட்டுவந்த ஊரில் இன்னொரு போர் தின்றுவிட்டிருந்தது, ஆகவே எந்திரத்தைக் கொண்டுபோனேன். ஆசிரியை அதன் மினுக்கத்தைப் பார்த்துச் சிரித்தார். பழையது இப்படிப் பளபளக்காது, இது அண்மையில் செய்த நகல் என்று சொல்லி, அப்படியே அட்டையிலும் எழுதி மேசையில் வைத்தார். பூட்டனாரின் கைக்கடிகாரத்தை அலுமாரிக்குள் வைத்திருந்த ஒருத்தி, ஸ்பேர்முல்லில் பொறுக்கியது உங்களுடையது ஆகுமா என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா வழக்கம்போல ஒதுங்கிப் போகச் சொன்னார்.

"விடு பிள்ளை. அது அவையின்ரை நாட்டுச் சாமான். அவைக்குத் தெரியும்தானே."

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"விளக்கின்ரை வயசை ஊத்தையை வைச்சோ பாக்கிறது?"

அந்தக் கேள்வியோடு நகர நூலகத்துக்குப் போனேன். பழைய விளையாட்டுப் பொருட்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றில் விடை இருந்தது. தயாரிப்பாளர் தம் வடிவமைப்பைப் பதிவு செய்ததற்கு அடையாளமாக நான்கு எழுத்துகளைப் பொறிப்பார்களாம். அவற்றில் இரண்டாவது "R" என்றால் நாடு "ரைஷ்" என்று அழைக்கப்பட்ட காலம், அதாவது போர் முடியுமுன். "B" என்றால் அதற்குப் பின் வந்த கூட்டாட்சிக் காலம். ஓர் எழுத்துத்தான், அலுமாரிக்கும் மேசைக்கும் நடுவில் நின்றது.

மறுநாள் ஆசிரியைக்கு முன்னாலேயே எந்திரத்தைக் கவிழ்த்தேன். அடித்தகட்டில் எழுத்துகள் இருந்தன, ஆனால் இரண்டாவது தேய்ந்திருந்தது. வயிறு பெருத்த "B"யா, கால் நீட்டிய "R"ஆ என்று அவரால் சொல்ல முடியவில்லை. யன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தேன். விளக்கின் பூவேலை இடுக்கில் கழுவியும் போகாத புளி வெள்ளையாய்க் காய்ந்து கிடக்குமே, அதேபோல அந்த எழுத்தின் பள்ளத்திலும் கிடந்தது. வெள்ளைக் கால் ஒன்று சாய்வாக நீண்டிருந்தது.

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். "R"தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் இப்படித் தேய்த்துக் கெடுத்திருக்கக் கூடாது என்றார். எங்கள் வீட்டில் மதிக்கிற பொருளைத்தான் தேய்ப்போம் என்றேன். புதிய அட்டை தந்தார். போர் முடியுமுன் செய்தது, ஸ்பேர்முல்லில் எடுத்தது, எங்களுடையது என்று மூன்று வரி எழுதினேன். நடு வரியை விட்டுவிடலாமே என்று அவர் மெதுவாகச் சொன்னார். நான் விடவில்லை. அந்த அட்டையோடுதான் எந்திரம் அலுமாரிக்குள் போனது.

இன்று அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. தெருவோரக் குவியல்களும் இல்லை, ஸ்பேர்முல்லுக்கும் இப்போது முன்கூட்டியே நாள் குறித்து "டெர்மின்" எடுக்க வேண்டும். அண்மையில் பழம்பொருள் சேகரிப்பவர் ஒருவர் எந்திரத்தைக் கையில் எடுத்து, தேய்த்ததால் பாதி மதிப்புப் போய்விட்டது என்று வருந்தினார். அம்மாவின் கேள்வியை ஜெர்மன் மொழியில் அவரிடம் கேட்டேன், அவருக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் போகட்டும். தைப்பொங்கலுக்கு முதல் நாள் விளக்கோடு அதையும் புளி போட்டுத்தான் தேய்க்கிறேன். அடித்தகட்டில் அந்த "R"இன் வெள்ளைக் காலை மட்டும் துடைப்பதில்லை.