மூடியில் வரைந்த பூ

மந்தாரக்குப்பத்தில் ரிமோட் பழுது பார்க்கும் தமயந்திக்கு வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிடச் சுறுசுறுப்பு. பட்டன் தேய்ந்த ரிமோட்டைக் குவார்ட்டர்ஸ்காரர்கள் கொண்டுவந்தால், கரெண்ட் பாயும் மையைத் தூரிகையில் தொட்டு, உள்ளே பலகையில் அழிந்த கோடுகளை மறுபடி இழுத்துவிடுவாள். மை காய்ந்ததும் ரிமோட் பிழைத்துக்கொள்ளும்.

கூட வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு டப்பாவில் முந்திரி உருண்டை வைத்திருப்பாள். கொஞ்ச நாளாக அது மளமளவென்று குறைந்தது. பக்கத்துத் தையல்கடை நல்லசாமி மேல்தான் சந்தேகம்.

"உருண்டை நல்லாருக்குதா அண்ணே?"

"எந்த உருண்டை தங்கச்சி?"

அவர் அப்பாவியாய் விழித்ததே அவளுக்குப் பெரிய சாட்சியாகப் பட்டது.

அன்றே டப்பா மூடியில் அந்த மையால் ஒரு பூ வரைந்தாள். இதழ்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளி. அடியில் பேட்டரியும், விரல் வழி வரும் துளி கரெண்டைப் பெருக்கும் டிரான்சிஸ்டரும், கார் ரிவர்ஸ் எடுக்கும்போது கத்துகிற ஹாரனும். இரண்டு இதழ்கள் மேல் ஒரு விரல் பட்டால் போதும், கரெண்ட் பாய்ந்து ஹாரன் கத்திவிடும்.

வைத்துவிட்டுக் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் சமைக்கப் போனாள். உலை கொதிக்குமுன் ஹாரன் அலறியது. கரண்டியோடு ஓடிவந்தால், நின்றது அவள் கணவன் செல்வகுமார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, உடம்பில் சர்க்கரை. டீக்கே இனிப்பு வேண்டாம் என்று தெருவெல்லாம் பெருமை பேசுகிறவன். பதற்றத்தில் எடுத்த உருண்டையை முழுசாக வாயில் திணித்திருந்தான்.

"இன்னாங்க தின்னுகினு இருக்கீங்க?"

"ம்ம்... ரிமோட்டப் பாத்துகினு இருந்தேன்."

நல்லசாமி எட்டிப்பார்த்துச் சிரித்த சிரிப்பில் தமயந்திக்கு முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சிக்குங்க அண்ணே" என்று கை நிறைய உருண்டையை அள்ளிக் கொடுத்தாள்.

சில நாள் டப்பா நிறைந்தே இருந்தது. பிறகு மறுபடி குறைந்தது; ஹாரனோ வாயே திறக்கவில்லை. தொட்டுப் பார்த்தாள், நன்றாகத்தான் கத்தியது. குழம்பிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தாள். ஷிப்ட் முடிந்து வந்த செல்வகுமார், வேலைப் பையிலிருந்து தடித்த ரப்பர் கையுறையை எடுத்து டாக்டர் மாதிரி நிதானமாக மாட்டினான். சத்தமில்லாமல் மூடி திறந்தது.

பொங்கிய சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டாள். மறுநாள் வெந்தயமும் பாகற்காய்ப் பொடியும் போட்டு உருண்டை பிடித்து வைத்தாள்.

கடித்ததும் செல்வகுமாரின் முகம் எட்டுக் கோணலாயிற்று.

"துப்பிடாதீங்க" என்றாள் வாசற்படியில் நின்று. "சர்க்கரைக்கு ரொம்ப நல்லது. கையுறையக் கழட்டிட்டே தின்னுங்க, ஹாரன நிறுத்திட்டேன்."