கை டைட்டு

என் பைக்கின் முன்சக்கர அச்சைக் கிரீஸ் தடவாமல் மாட்டியது எங்கள் தெரு சர்வீஸ் கடைக்காரர்தான். காரணம் சோம்பேறித்தனம். இதை இரண்டு வருடமாக எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். சொன்னது உண்மைதான். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டு வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. நான் கப்பலூரில் ஒரு சின்ன கம்பெனியில் ஃபிட்டர். பேரையூரிலிருந்து என் அத்தை மகன் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தான். போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். உடல்தகுதித் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கயிறு ஏறிப் பழக தினமும் என் பைக்கில்தான் மைதானத்துக்குப் போவான். வயது வரம்பு நெருங்கிவிட்டதால் அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

முன்சக்கரத்தில் பேரிங் கரகரவென்று சத்தம் போட்டது. மாற்றிவிடலாம் என்று கழற்ற உட்கார்ந்தேன். நட்டு வந்தது, அச்சு வரவில்லை. கிரீஸ் இல்லாமல் துரு பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டு அரைமணி நேரம் காத்திருந்தேன். மரை கெடாமல் இருக்க நட்டை நுனியில் திரும்ப மாட்டி, பித்தளைக் கம்பி வைத்துச் சுத்தியலால் அடித்தேன்.

“மச்சான், அச்சு வர்ற மாதிரி தெரியல. எதிர்வீட்டுக்காரர்தான் ரெண்டு தடவை வெளிய வந்துட்டாரு.”

“வாய மூடிட்டுச் சக்கரத்தப் பிடி மாப்ள.”

கடைசியில் செந்தூள் கொட்டிக்கொண்டு வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். புது பேரிங் அடித்து, கிரீஸ் தடவி, சக்கரத்தைத் தூக்கி வைத்து அச்சை உள்ளே விட்டேன். நட்டை விரலால் திருகினேன். உடனே ஸ்பானர் போடக் கூடாது. வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி, அச்சு சரியாக உட்கார்ந்த பிறகுதான் முறுக்க வேண்டும்.

“கை டைட்டு வச்சாச்சு மாப்ள” என்றேன். எங்கள் கம்பெனியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேலை இன்னும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் போன் பண்ணினார். ஒரு மிஷின் நின்றுவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வரச் சொன்னார். வீட்டுக்குள் போய் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து, “மச்சான், கிரவுண்டுக்குப் போயிட்டு வாரேன்” என்று குரல் கேட்டது. எனக்கு நன்றாகவே கேட்டது. “ம்” என்றேன்.

மைதானத்துக்குத் திரும்பும் வளைவில் பிரேக் பிடித்திருக்கிறான். முன்சக்கரம் சாய்ந்து மாட்டிக்கொண்டு, வண்டி அவனைத் தூக்கி எறிந்தது. நட்டு எங்கோ வழியிலேயே கழன்று விழுந்திருந்தது. அவனுக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துபோனது.

ஆஸ்பத்திரியில் அவனிடம் மன்னிப்பா கேட்டேன்? திட்டினேன்.

“கை டைட்டுன்னா இன்னும் முறுக்கலன்னு அர்த்தம்டா, கூமுட்ட.”

“கையால இறுக்கி முடிச்சாச்சுன்னு நெனச்சேன் மச்சான். உங்க பிடி எம்புட்டுன்னு எனக்குத் தெரியும்ல.”

சாயங்காலம் பேரையூரிலிருந்து அவன் அப்பா, என் மாமா, வந்தார். வந்ததும் மகனைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: “வேகமாப் போனியாடா?” அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். “ஆமாப்பா, மண்ணுல சறுக்கிருச்சு” என்றான்.

தேர்வு நாளன்று அவன் கை மாவுக்கட்டில் இருந்தது. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது தாண்டிவிட்டது. இப்போது ஒரு குடோனில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறான். மணிக்கட்டு முழுசாக மடங்காது.

போன வருடம் என் மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் மாமா, “வேகத்துல வேலையத் தொலைச்ச பய” என்று அவனைச் சொன்னார். அவன் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாம்பார் வாளியோடு அவன் எதிரில் நின்றது நான். அவன் இலையில் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டேன். விபத்தைவிட அந்த அடுத்த இலைதான் இன்னும் என்னைத் தூங்க விடாமல் பண்ணுகிறது.

மாமா, நீங்கள் இதைப் படிப்பீர்கள். நம் சொந்தத்தில் தை மாதம் நடக்கும் கல்யாணத்துக்கு அதே சொந்தக்காரர்கள்தான் வரப்போகிறார்கள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு என்னை நடுவில் நிறுத்தி, “அன்னைக்கு நட்ட முறுக்காம விட்டது யாருடா, வாயத் திறந்து சொல்லு” என்று சத்தமாகக் கேளுங்கள். அவன் காதில் விழும்படி நான் பதில் சொல்லியாக வேண்டும்.