பார்சல் போடப் போயிருக்கார்

ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை. மத்தியானம் மூணே முக்கால் இருக்கும். கழுத்தில் முகப்பு செயினைப் போட்டுக்கொண்டு லைவில் நகை விற்றபடி செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். "அண்ணா எங்க, சத்தத்தையே காணோம்?" என்று யாரோ ஒரு அக்கா கமெண்ட் போட்டார். "அண்ணன் பார்சல் போடப் போயிருக்கார்" என்றேன். அது நிஜம்தான். கூரியர் ஆபீஸை அன்றைக்குச் சீக்கிரம் மூடுகிறார்கள் என்று, போனைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, லைவ் நடுவிலேயே கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்பியிருந்தார். நான் சிரித்துக்கொண்டு பதில் சொன்ன அந்த நேரத்தில், என் வீட்டுக்காரர் கூரியர் ஆபீஸ் பெஞ்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நான் அதற்கப்புறமும் இரண்டு செயினும் ஒரு ஜிமிக்கியும் விற்றேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயை நானே கிழித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

எங்கள் வியாபாரம் கவரிங் நகை. கடை கிடையாது, போர்டு கிடையாது. செஞ்சியில் ஒரு வாடகை வீட்டின் முன்னறை, ஒரு நீலத் திரை, நகைகளைக் குத்தி வைக்க ஒரு தெர்மோகோல் அட்டை, அவ்வளவுதான். கோட்டைப் பக்கத்து ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருப்போம். மத்தியான வெயில் அந்தப் பாறைகளில் பட்டு உள்ளே அடித்தால் நகையெல்லாம் பித்தளை மாதிரித் தெரியும். பித்தளை பித்தளை மாதிரித்தானே தெரியும் என்பார் அவர். எங்கெங்கிருந்தோ வந்து டிக்கெட் வாங்கி அந்தக் கோட்டையைப் பார்க்கிறார்கள். நாங்கள் அது தெரியக்கூடாது என்று ஜன்னல் இடுக்கில் பேப்பரைச் சொருகி வைத்திருந்தோம்.

அதிகமாகப் போவது தாலிச் செயின்தான். பவுன் கொடியை பேங்கில் வைத்துவிட்டவர்கள், பஸ்ஸில் போட்டுக்கொண்டு போகப் பயப்படுகிறவர்கள் எல்லாரும் வாங்குவார்கள். அதைக் கையில் தூக்கிக் காட்டினால் விற்காது. நெற்றியில் பொட்டு, தலையில் பூவோடு கழுத்தில் போட்டுக் காட்ட வேண்டும். கைராசிக்காரி என்று எனக்குப் பேர். புதுப் பாக்கெட் வேண்டாம், நீ போட்டிருக்கிறதையே கழற்றி அனுப்பு என்று அடம் பிடிக்கிறவர்கள்கூட உண்டு.

அவர் முகம் ஒருநாளும் லைவில் வந்ததில்லை. குரல் மட்டும்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவர், அந்தக் கடையை மூடியதும் இதை ஆரம்பித்தார். போனைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்று கமெண்டை எல்லாம் படிப்பார். நூறு சிஸ்டருங்க பாக்கறாங்க, நூறு பேர் வீட்லயும் அடுப்பில பால் பொங்குது என்பார். நான் விலையை மாற்றிச் சொல்லிவிட்டால், மேடம் கணக்கில் புலி என்பார். நான் பதிலுக்குக் கடிப்பேன். நகை வாங்காதவர்கள்கூட எங்கள் சண்டையைக் கேட்க வந்து உட்கார்ந்தார்கள். ஒரு ஸ்டாண்டு வாங்கிவிடலாம், கை வலிக்குமே என்று நான் சொன்னபோது, "ஸ்டாண்டுக்கு வாய் இருக்குதா?" என்று கேட்டார்.

முதல் நாள் லைவை நினைத்தால் சிரிப்பு வரும். விலையைச் சொன்னேன், ஒருத்தரும் பேசவில்லை. இரண்டாவது செயினைக் காட்டினேன், அதற்கும் பேச்சில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாங்கறதானா வாங்குங்க, இல்லன்னா போய் வேலையப் பாருங்க என்று கத்திவிட்டேன். அதற்கப்புறம்தான் முதல் செயின் வேண்டும் என்று வரிசையாக கமெண்ட் வந்தது. லைவ் முடிந்ததும் அவர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"நீ பேசறது அங்க போறதுக்கே பத்து செகண்ட் ஆவுது. அதுக்கப்புறம்தான் அவங்க டைப் பண்ணணும். அதுவரைக்கும் வாய மூடிக்கினு சிரி."

மறுநாளிலிருந்து, நான் விலை சொன்னதும் போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார். ஐந்தும் மடங்கியதும் திரும்ப விரித்து மடக்குவார். இரண்டாவது தடவை சுண்டு விரல் மடங்கும்போது கமெண்ட் வந்து விழும். மந்திரவாதி மாதிரி புருவத்தைத் தூக்குவார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் நான் மூன்று வருஷம் சிரித்தேன். கைராசி என்று எல்லாரும் சொன்னது அந்தச் சிரிப்பைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் கொண்டுபோன பார்சல்களை கூரியர் ஆபீஸ்காரர்கள் அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அவர் கையெழுத்து அட்ரஸோடு அவை போய்ச் சேர்ந்தன. வீட்டில் சாவுக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும்போது, நகை சூப்பர் அக்கா என்று போனுக்குப் படங்கள் வந்துகொண்டிருந்தன. காது, கழுத்து, கை. யாருக்கும் நான் பதில் போடவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் மிஞ்சியது நானும் என் மாமியாரும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து என் நெற்றியையும் கழுத்தையும் வெறுமையாக்கிவிட்டு எல்லாரும் ஊருக்குப் போனார்கள். ஒரு மாதம் சும்மா கிடந்தேன். மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்த அன்றைக்கு ஒரு போன் ஸ்டாண்டை வாங்கி வந்தேன். அவர் நிற்கிற இடத்தில் அதை நிறுத்தினேன். மூன்று மணிக்குக் கண்ணாடி முன்னால் போய் ஒரு பொட்டை ஒட்டிக்கொண்டேன். விற்கிற செயினில் ஒன்றை எடுத்துக் கழுத்தில் போட்டேன். லைவுக்கு வந்த கொஞ்ச நேரத்தில், அண்ணா எங்க என்று ஒரு கமெண்ட் வந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். மனதுக்குள் வார்த்தையெல்லாம் கோத்து வைத்திருந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது, "அண்ணன் பார்சல் போடப் போயிருக்கார்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. கடைசியாகச் சொன்னதையே வாய் திரும்பச் சொன்னது. சொன்னதும் எனக்குள் ஏதோ ஒன்று லேசாகிவிட்டது. கோணிப்பையோடு அவர் பைக்கில் போகிறார், டீக்கடையில் நிற்கிறார், வந்துவிடுவார் என்று ஒரு நிமிஷம் நான் முழுசாக நம்பினேன். ஐந்து மணிக்கு லைவை அணைத்து, பொட்டை எடுத்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியபோது அவர் மறுபடி செத்துப்போனார். அன்றைக்கு அழுத மாதிரி நான் சாவன்றைக்குக்கூட அழவில்லை. ஆனால் மறுநாள் மூன்று மணி எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

பொட்டைப் பார்த்து மாமியார் திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவரோ ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, ஸ்டாண்டுக்குப் பின்னால், மகன் சாய்ந்து நிற்கும் அதே சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். தினமும் உட்கார்ந்தார். அவர் எதற்காக வருகிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஒருநாள் வியாபாரம் மும்முரமாகப் போய், யாரும் அண்ணனைப் பற்றி விசாரிக்காமலே லைவ் முடிந்துவிட்டது. நான் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மாமியார் எழுந்திருக்காமல் கேட்டார்.

"இன்னிக்கு யாரும் அவன கேக்கலியா?"

அதிலிருந்து, யாரும் கேட்காவிட்டாலும் நானே சொல்ல ஆரம்பித்தேன். அண்ணன் பார்சல் போடப் போயிருக்கார், வந்ததும் உங்க ஆர்டரைப் பார்ப்பார். மாமியார் தலையை ஆட்டிக்கொள்வார். நாலு மாதம் அப்படியே ஓடியது. நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

தை அமாவாசை அன்றைக்கு லைவ் கிடையாது. காலையில் பதினோரு மணி வாக்கில் யாரோ கூப்பிட்டார்கள். வெளியே ஐம்பது வயசு மதிக்கிற ஒரு அம்மா, கையில் பையோடு நின்றார். பெயரைச் சொன்னதும் தெரிந்துவிட்டது. பண்ருட்டிப் பக்கத்து அக்கா. மூன்று வருஷமாக ஒரு நாள் விடாமல் லைவுக்கு வருகிறவர், எங்கள் சண்டையில் எப்போதும் என் வீட்டுக்காரர் பக்கம் பேசுகிறவர். மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்ஸில் வந்தவர், செஞ்சியில் இறங்கி எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். பார்சல் மேல் என் வீட்டுக்காரர் எழுதியிருந்த எங்கள் ஃப்ரம் அட்ரஸைக் கிழித்து பர்ஸில் வைத்திருந்தார்.

நல்லவேளை, கழுத்து வரை துண்டைப் போர்த்தியிருந்தேன். தலைக்குக் குளித்திருந்தேன், அதனால் பொட்டு இல்லை என்று நினைத்துக்கொண்டார் போல. உள்ளே வந்தார். நீலத் திரையைத் தொட்டுப் பார்த்தார். இங்கதான் நிப்பியா என்று கேட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். மாசியில் மகளுக்குக் கல்யாணம் என்றார். மகளுக்கு ஒரு முகப்பு செயின் வேண்டும், அதை நானும் அண்ணனும் ஜோடியாக நின்று எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார். அட்டையில் குத்தியிருந்ததில் ஒன்றைத் தொட்டு, இதுதான் என்றார். பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து வெற்றிலை பாக்கு, பத்திரிகை, ஒரு பொட்டலம் முந்திரிப் பருப்பு எல்லாவற்றையும் அடுக்கினார். குங்குமச் சிமிழைத் திறந்துகொண்டே, "அண்ணன கூப்பிடும்மா, ரெண்டு பேரும் சேந்து வாங்கிக்கோங்க" என்று சொல்லித் திரும்பினார்.

அவர் திரும்பிய பக்கத்துச் சுவரைப் போன் பார்த்ததே இல்லை. மூன்று வருஷமாக எல்லாரும் என் பின்னால் இருக்கிற திரையைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் சுவரில் என் வீட்டுக்காரர் போட்டோ இருந்தது. மாலை போட்டு, கீழே விளக்கு ஏற்றியிருந்தோம். பக்கத்து ஸ்டூலில் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

அந்த அக்கா அவர் முகத்தைப் பார்த்திராதவர்தான். ஆனாலும் யார் என்று கேட்கவில்லை. சிமிழைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மூடியைப் போட்டுத் திருகினார். அந்த மூடி திருகிய சத்தத்தை நான் மறக்கவே மாட்டேன். எப்போ என்று மட்டும் கேட்டார். ஆவணியில் என்றேன். நாலு மாதமாகத் தான் கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் சொன்ன பதில் அவர் முகத்தில் ஓடுவதை என்னால் பார்க்க முடிந்தது. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அதற்கு எனக்கு வாய் உண்டு. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். போகும்போது செயினை எடுத்துக்கொள்ளவில்லை. "பொண்ணு கல்யாணம்மா. தப்பா நெனச்சுக்காத" என்றார். பத்திரிகையையும் முந்திரியையும் வைத்துவிட்டு, வெற்றிலை பாக்கையும் சிமிழையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. என் கழுத்திலிருந்து கழற்றின செயின்களை இந்த நாலு மாதத்தில் எத்தனை பேர் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று வாசலைப் பார்த்து முணுமுணுத்தேன். அப்புறம் அந்த இடத்தில் நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன் என்று தோன்றியது. அது இன்னும் அதிகமாக வலித்தது.

மறுநாள் மூன்று மணிக்கு அதே பொட்டை ஒட்டினேன். பசை போய்விட்டிருந்தது, இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. மாமியார் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். லைவ் போட்டேன், அக்கா விட்டுப்போன செயினையே எடுத்துப் போட்டு விலை சொன்னேன். புதிதாக வந்த ஒரு பெண், அண்ணா வாய்ஸ் நல்லா இருக்கும்னு சொன்னாங்க, அவர் இல்லையா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கீழே ஒரு வரி வந்து விழுந்தது.

அண்ணன் பார்சல் போடப் போயிருக்கார்.

போட்டது பண்ருட்டி அக்கா.

எனக்காகத்தான் போட்டார். செயினை எடுத்துக்கொள்ள முடியாதவர், தன்னால் முடிந்ததைக் கொடுத்தார். அவ்வளவு நல்ல மனசு. ஆனால் நான் சொன்னபோதெல்லாம் அது எனக்குப் பொய்யாகவே படவில்லை. அவர் இல்லை என்று தெரிந்த ஒருத்தர், என்மேல் இரக்கப்பட்டு அதை எழுதியதும் அது பொய்யாகிவிட்டது. இனிமேல் என் வாயிலும் அது பொய்தான். அவர் தினமும் என்னிடம் வந்துபோக இருந்த ஒரே வழியும் அடைபட்டுப்போனது.

மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. நான் வழக்கமானதைச் சொல்வேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"அவரு இல்லக்கா. ஆவணி மாசமே எறந்துட்டாரு."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மூடச் சொல்லிக் கொடுத்தவர் நின்ற இடத்தில் மாமியார் எழுந்து நின்றிருந்தார். என் கை தானாக விரல்களை மடக்கத் தொடங்கியது. போனில் எதுவும் மாறவில்லை. இதயங்கள் மேலே மேலே பறந்துகொண்டிருந்தன. செயின் எத்தனை இன்ச் என்று ஒருத்தர் கேட்டார். அண்ணன் வந்ததும் நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க என்று இன்னொருத்தர் போட்டார். ஐந்து விரலும் மடங்கிவிட்டது. விரித்தேன்.

"இன்னாமா சொல்றாங்க?" என்று மாமியார் கேட்டார்.

"இன்னும் அவங்களுக்குக் கேக்கல அத்தை" என்றேன்.