காக்காவின் போனுக்கு வந்த அழைப்பு

ரிஸ்வான் காக்கா, என் மூத்த சகோதரரே, நீங்கள் இறந்ததும் உங்கள் ஜனாஸா அறிவித்தலை ஃபேஸ்புக்கில் போட்டபோது, விசாரிக்க உங்கள் போன் இலக்கத்தையே கொடுத்துவிட்டேன். அதற்கு ஒருவன் அழைத்தான். மதினி, கணவனை இழந்தவர்கள் வெளியாரோடு பழகாமல் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் இருந்ததால் நான்தான் எடுத்தேன். ஸலாம் சொன்னான், உங்களுக்காக துஆவும் ஓதினான்.

"பேங்கிலருந்து கதைக்கிறன் தம்பி. காசெல்லாம் மதினிட பேருக்கு மாத்தணும். இப்ப மெசேஜில வார இலக்கத்தச் சொல்லுங்க."

துஆ ஓதியவனை எப்படிச் சந்தேகிப்பது? பாதி இலக்கத்தைச் சொல்லிவிட்டேன்.

அறைக்குள்ளிருந்து மதினி, "நிப்பாட்டுங்க தம்பி. அத உங்கட காக்கா எனக்கே சொல்லமாட்டார். இவன் ஆரு கேக்க?" என்றார்.

போனை வெட்டினேன். வங்கியில் கேட்டால், அவர்கள் அழைக்கவேயில்லையாம். உங்கள் பிள்ளைகளின் காசு தப்பியது. ஆனால் இப்போது அனுதாபம் சொல்லி யார் அழைத்தாலும், பெயரையும் ஊரையும் கேட்ட பிறகே பேசுகிறேன்.

வாசிக்கிறவர்கள் என் காக்காவின் மஃபிரத்துக்காக, அவர் பிழைகள் மன்னிக்கப்பட, துஆச் செய்யுங்கள்.